பழசையெல்லாம் உடைச்சு அனுப்பு

கொடைக்கானல்
10 நவம்பர் 2024

மாப்பிள்ளை வீரமணிக்கு,

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது நான் போட்டிருப்பது ஒரு பொம்பளை ஸ்வெட்டர். ரோஸ் கலர். நெஞ்சில் ஒரு முயல் உட்கார்ந்து கேரட் தின்கிறது. யாரோ ஒரு கெஸ்ட் விட்டுவிட்டுப் போனது. மார்கழிப் பனியில் வெறும் உடம்போடு கடலில் வலை இழுத்தவன்தான் நான். இங்கே சாயங்காலம் ஆனால் பல் தந்தியடிக்கிறது, என்ன செய்ய. முயல் விஷயத்தை என் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே. நாகம்மாளுக்குத் தெரிந்தால் மீனோடு சேர்த்து அதையும் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிடுவாள்.

போன் போட்டால் நீ கட் பண்ணுகிறாய். உன் மச்சான் குரல் அவ்வளவு கசக்கிறதா? அதனால்தான் கடிதம். கருவாட்டு வண்டி சைபுல்லா மலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் நம் இருவருக்கும் தபால்காரன். மூணாங்கிளாஸ் படித்தவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பிளஸ் டூ படித்த நீ திருத்தி வாசித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காட்டேஜில் எனக்கு வேலை அடுப்பு. சோறு ஆக்குகிற அடுப்பு இல்லை, வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே தகரக் குழாய். அந்தக் குழாய் ஹாலில் கிளம்பி, சமையல்கார காளியம்மாள் படுக்கிற சின்ன அறை வழியாகக் கூரைக்குப் போகிறது. புகை முழுக்க அதற்குள்ளேயே போய்விட வேண்டும். வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே.

சின்ன வேலைதான், ஆனால் அதில் ஆயிரம் இருக்கிறது. ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு நெருப்பு வைக்கக் கூடாது, ஒரு விரல் சந்து விட வேண்டும். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வெளியே மண்ணில் வைக்க வேண்டும். வந்த புதிதில் நான் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினேன். சாம்பல் ஆறின மாதிரிதான் இருந்தது. வாளி இப்போது தோசைக்கல் மாதிரி இருக்கிறது. முதலாளியம்மா அதைத் தூக்கி எறியவிடாமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், என் பார்வைக்கு.

எல்லாவற்றையும்விடக் கட்டைதான் முக்கியம். இரண்டு கட்டையைத் தட்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். இங்கே கிடைக்கிற கட்டை ஈரத்துணி மாதிரி மொத்தென்கிறது. அடுப்பில் போட்டால் எரியாமல் அழுகிறது. கண்ணாடி கறுத்துப்போகிறது, குழாய்க்குள் தார் மாதிரி படிகிறது. அது என்றைக்காவது உள்ளேயே தீப்பிடிக்கும் என்கிறார்கள்.

அதனால் ஒரு உதவி செய். உன் கொல்லையில் கிடக்கிற பழசையெல்லாம் உடைச்சு அனுப்பு. எது கிடந்தாலும் சரி. முழ நீளத்துக்கு அறுத்துப் பிளந்து சாக்கில் கட்டு. பெயிண்ட் இருந்தால் இழைத்துவிடு, பெயிண்ட் எரிந்தால் புகை விஷம்.

ஆடு குட்டி போட்டதா? நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொடுத்துவிடு. தங்கச்சி இன்னும் கீழ்வேளூர்ப் பக்கம்தான் கூடை தூக்குகிறாளா?

காயாரோகணம்


மேலக்கரை
28 நவம்பர் 2024

மச்சானுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு மழை விடவில்லை. வாய்க்கால்கள் நிரம்பி, சம்பா வயல்களில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. நாகம்மாள் முழங்கால் தண்ணீரில் கீழ்வேளூர்ப் பக்கம் போய்வருகிறாள். ஆடு இரண்டு குட்டி போட்டது. ஊறுகாய் இத்துடன் வருகிறது.

நீங்கள் எழுதியிருந்தபடியே பழசையெல்லாம் உடைத்துவிட்டேன். எழுதியிருந்தபடியே பெயிண்டை இழைத்துவிட்டேன். முழ நீளம். எல்லாம் மழைபடாமல் கீற்றுக்கு அடியில் கிடந்து நன்றாகக் காய்ந்தவை. சைபுல்லா வண்டியில் சாக்குகளாக வருகின்றன.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். கேட்காததற்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
வீ. வீரமணி


கொடைக்கானல்
20 டிசம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

உன் கைக்கு நான் மோதிரம்தான் போட வேண்டும். என்ன கட்டை அனுப்பியிருக்கிறாய். தட்டினால் மணி மாதிரி சத்தம். ஒரே குச்சியில் பற்றுகிறது. அதைவிடக் கேள், நெருப்பு பச்சையாக எரிகிறது. ஓரத்தில் நீலம், நடுவில் பச்சை, மயில் கழுத்து மாதிரி. கெஸ்ட்டெல்லாம் லைட்டை அணைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார்கள். ஒரு பெங்களூர்க்காரர் என்னிடம், "என்ன போட்டீங்க அண்ணே?" என்று ரகசியமாகக் கேட்டார். "எங்க ஊரு கட்டை, அப்படித்தான் எரியும்" என்றேன். முயலைக்கூட மறந்து என்னை மரியாதையாகப் பார்த்தார்.

கட்டையில் ஒரு வாசனை அடிக்கிறது. சாம்பிராணி மாதிரி. எந்தக் கோயில் கதவை உடைத்தாய், உண்மையைச் சொல். சில கட்டையில் ஆணி ஓட்டைகூட இருக்கிறது. சாமி கண்ணைக் குத்தினால் உன் கண்ணைக் குத்தட்டும், நான் எரித்தவன்தான்.

இப்போது நீ திட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் வருவேன். போன தையும் அதற்கு முந்தின தையும் இப்படித்தான் சொன்னேன், தெரியும். சிரிக்காதே. கரையில் கிடக்கிற நம் வள்ளத்துக்கு இந்த வருஷம் மேலே மூடுகிற கீற்று மாற்றினாயா? இந்த மழைக்குப் பழைய கீற்று நிற்காது. வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பலகைப் பொருத்து எல்லாம் பிரித்து, குங்கிலியம் காய்ச்சி அடைத்துவிடலாம். பைபர் படகு எத்தனை வந்தாலும் நம் மரப்படகு மாதிரி அலையில் ஏறாது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாதி உன்னுடையது.

இதைக் கேலி இல்லாமல் சொல்கிறேன். அந்த வள்ளம் கரையில் கிடக்கிற வரைக்கும் நான் வெளியூருக்குப் போனவன்தான். ஊரைவிட்டுப் போனவன் இல்லை. இங்கே எவன் கேட்டாலும், "ஊர்ல நமக்கு வள்ளம் கிடக்கு, தங்கச்சி பேரு போட்டது" என்றுதான் சொல்கிறேன்.

கட்டைக்கு நன்றி. ரொம்ப நன்றி என்று காளியம்மாளும் சொல்லச் சொன்னாள். அவள் அறை இப்போது கதகதவென்று இருக்கிறதாம்.

காயாரோகணம்


கொடைக்கானல்
2 பிப்ரவரி 2025

வீரமணிக்கு,

போன வாரம் மத்தியானம் சமையலை முடித்துவிட்டுக் காளியம்மாள் படுத்தாள். வெளியே பனிமூட்டம், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள். நான் ஹாலில் அடுப்புக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தேன், உன் கட்டை. காப்பி நேரத்துக்கு அவள் எழுந்து வரவில்லை. "ராணியம்மா இன்னும் பள்ளியறையா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே கதவைத் தட்டினேன். திறந்தால் புகைகூட அவ்வளவாக இல்லை. வாந்தி எடுத்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை.

தூக்கி வெளியே போட்டோம். ஜீப்பில் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் என்னைத் திட்டினாள், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அடுப்பு எரிகிற வீட்டில் வாசனை இல்லாத ஒரு விஷம் உண்டாம். குழாய் நன்றாக இருந்தால் அது புகையோடு மேலே போய்விடும். குழாய் ஓட்டையானால் தூங்குகிறவளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

அடுப்பு ரிப்பேர் பண்ணுகிறவர் வந்து குழாயைக் கழற்றினார். அவள் அறைக்குள் வருகிற முட்டில் தகரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "ஏற்கெனவே மெலிசு குழாய். மிச்சத்தை உப்பு தின்னிருக்கு. கடல்ல ஊறுன கட்டையப் போட்டீங்களா?" என்று கேட்டார். பச்சை நெருப்பு, உப்பும் செம்பு ஆணியும் செய்த வேலையாம்.

நான், "இல்லைங்க, எங்க மாப்ள வீட்டுக் கொல்லைக் கட்டை" என்றேன்.

சொல்லிவிட்டு விறகு அறைக்குப் போனேன். மிச்சமிருந்த சாக்கையெல்லாம் தரையில் கொட்டினேன். கடைசிச் சாக்கின் அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றி ஒரு பலகை. அதில் மட்டும் பெயிண்ட் இழைக்கவில்லை. நீலத்தில் வெள்ளை எழுத்து. 'ம்மாள் துணை.'

அந்த எழுத்தை எழுதினவன் நான். 'ள்' வளைவு சரியாக வராமல் நீ என்னைக் கேலி பண்ணினாய். 'மூணாங்கிளாஸ் ள்' என்றாய்.

சாம்பிராணி வாசனை இல்லை, நாம் காய்ச்சி ஊற்றின குங்கிலியம். மூக்குக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை மாசமாக என் வள்ளத்தை நானே துண்டு துண்டாக அடுப்பில் வைத்துக் கை காய்ந்திருக்கிறேன்.

பெருவெள்ளத்தில் அதை வயலுக்குள் விட்டோமே, ஞாபகம் இருக்கிறதா. துடுப்பு கதிரில் பட்டதென்று ஒரு நிலக்காரர் கூரைமேல் நின்றுகொண்டே நம்மைத் திட்டினார். திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். அவர் உட்கார்ந்து வந்த பலகையையும் எரித்து வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டேன்.

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது. ஊறுகாய் எல்லாம் வேண்டாம்.

காயாரோகணம்


மேலக்கரை
12 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

அந்த அம்மா பிழைத்ததை அறிந்தேன். உப்பு குழாயைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. அவர் விஷயத்தில் அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நான் மன்னிப்புக் கேட்பது அதற்கு மட்டும்தான்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன், பழனிக்கு மொட்டை போடப் போகிறேன், வந்ததும் கடலில் இறங்குவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். சொன்ன நாளில் வலை, ஐஸ், சோற்றுத்தூக்கு எல்லாம் எடுத்துவைத்துக் கரையில் நின்றேன். பொழுது ஏறும்வரை நின்றேன். நீங்கள் மலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட செய்தியைச் சைபுல்லாதான் சொன்னான். அதையும் ஊரார் நடுவில் வைத்துச் சொன்னான். வள்ளத்தில் பாதி என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வள்ளத்தை எப்படிக் கடலில் இறக்குவது? அன்றிலிருந்து வசந்தகுமாரின் பைபர் படகில் கூலிக்குப் போகிறேன். காலையில் அவன் படகுக்குப் போகும்போதெல்லாம் நம் வள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு நாளும், "என்ன வீரமணி, ஒங்க மச்சான் மொட்டை இன்னும் முடியலையா?" என்பார்கள். ஒவ்வொரு ஐப்பசியும் கீற்று மாற்றியது நான். போன வருடம் அதைக் கொல்லைக்கு இழுத்துவந்தவனும் நான், சைபுல்லா உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

உங்கள் நவம்பர் கடிதத்தில் ஆட்டைக் கேட்டீர்கள். ஊறுகாயைக் கேட்டீர்கள். வள்ளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பழசையெல்லாம் உடைச்சு அனுப்பு என்று இருந்தது. பழசு என்ற சொல் நம் இருவருக்கும் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். 'இந்தப் பழசை வித்துட்டு பைபர் வாங்கலாம் மச்சான்' என்று நான் சொன்ன அன்றுதான் நீங்கள் பழனி பேச்சை எடுத்தீர்கள். அதே சொல்லை எழுதிக் குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன்.

நாகம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணன் ஒடஞ்ச கட்டிலயும் கோழிக்கூண்டயும் சொல்லுது" என்றாள். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் கோடரியை எடுத்தேன். விட்டுவிட்டுப் போனவர் கையாலேயே எரியட்டும் என்று நினைத்தேன்.

பெயர்ப் பலகையை நான் இழைக்கத் தேடியபோது காணவில்லை. யார் எடுத்தது என்று அப்போதே தெரியும். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள்.

இப்படிக்கு,
வீ. வீரமணி


கொடைக்கானல்
24 பிப்ரவரி 2025

வீரமணிக்கு,

நன்றாக எழுதுகிறாய். பிளஸ் டூ பிளஸ் டூதான்.

கரையில் நின்றாய், சரி. மொட்டைக் கதையும் சரி, என் தலையில் இன்னும் முடி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என்னை ஊர் நடுவில் நிறுத்திச் செருப்பால் அடித்திருக்கலாம். அடித்த கை வலித்தால் நானே தைலம் தேய்த்திருப்பேன். 'வாங்க மச்சான், இன்னைக்கு இதை உடைக்கப்போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்து உன்னோடு சண்டை போட்டு, சட்டையைக் கிழித்து, கடைசியில் மறுபக்கம் நானும் ஒரு கோடரி பிடித்திருப்பேன். மரம்தானே. கடலுக்கே கொடுத்திருப்போம்.

வள்ளம் போனதுகூட இல்லை எனக்கு. டிசம்பரில் உனக்கு நான் நன்றி எழுதினேன். கீற்று மாற்றினாயா என்று கேட்டேன். வள்ளம் கிடக்கிற வரைக்கும் நான் ஊர்க்காரன் என்று எழுதினேன். அப்போது சாக்குகளில் பாதிக்கு மேல் விறகு அறையில் மிச்சம் இருந்தன. நீ அதை வாசித்தாய். வாசித்துவிட்டுச் சோறு தின்றாய். அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல் பேசாமல் இருந்தாய். நான் தினம் சிரித்துக்கொண்டே எரித்தேன்.

கோடரியை எடுத்ததைக் கோபம் என்று விட்டுவிடலாம். அந்த ஒரு மாசத்தை என்னவென்று விடுவது?

அதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

காயாரோகணம்


மேலக்கரை
8 மார்ச் 2025

மச்சானுக்கு,

இங்கே அறுவடை முடிந்துவிட்டது. நாகம்மாள் மீனுக்கு நெல் வாங்கிவருகிறாள்.

டிசம்பர் கடிதத்தை வாசித்த அன்று சாப்பிடவில்லை. மிச்சக் கட்டையை ஏற்றித் திருப்பிக் கொண்டுவா என்று சொல்வதற்காகச் சைபுல்லா வண்டிவரை போனேன். அவன், "என்னா அண்ணே?" என்றான். "டயர்ல காத்து கம்மியா இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறையும் போனேன். அடுத்த முறையும் டயரைத்தான் பார்த்தேன்.

இதைப் பதில் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

நாகம்மாள் வஞ்சிரக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கச் சொன்னாள்.

வீரமணி


கொடைக்கானல்
21 மார்ச் 2025

வீரமணிக்கு,

கருவாடு வந்தது. நாகம்மாள் கொடுத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். மூட்டையில் போட்டிருந்தது வலைமுடிச்சு. உன்னை மாதிரி இடது கைக்காரன் போடுகிற வலைமுடிச்சு. அவளுக்கு அந்த முடிச்சு தெரியாது, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொய்யை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன் நீ. அந்த ஒரு மாசத்தை மட்டும் எப்படிக் கட்டினாயோ.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இதைக் கிண்டலில் கரைத்துவிடக் கூடாது என்றுதான் தனி வரியாக எழுதுகிறேன். காளியம்மாள் சொல்கிறாள், உன்னை அவள் மன்னித்துவிட்டாளாம். அது அவளுக்குச் சுலபம். அவளுக்கு நீ ஒன்றும் மாப்பிள்ளை இல்லை.

பெயர்ப் பலகை என் கட்டிலுக்கு அடியில், பெட்டியில் இருக்கிறது. அதை இங்கே ஆணி அடிக்க மாட்டேன். ஆணி அடித்தால் இதுதான் என் ஊர் என்று ஆகிவிடும். மீன்பிடித் தடைக்காலம் முடிகிறபோது வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை, என் தங்கச்சி வீட்டுக்கு. இரண்டும் ஒரே வீடாக இருப்பது உன் கஷ்டம். பலகையை எங்கே வைப்பது என்று அவள் சொல்லட்டும். அதுவரைக்கும் நீ கரையில் எனக்காக நிற்க வேண்டாம். நான் கரையில் நிற்பேன், நீ வசந்தகுமார் படகில் போய்விட்டு வா.

மற்றபடி இங்கே எல்லாம் புதுசு. குழாய் புதுசு, கனமான தகரம். கட்டை இப்போது மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறது, கருவேலம், மஞ்சளாக எரிகிறது, ஒருவரும் வீடியோ எடுப்பதில்லை. அடுப்புக்கு மேலே சுவரில் வெள்ளையாக ஒரு சின்ன மிஷின் மாட்டியிருக்கிறார்கள். புகை வந்தால் கத்துமாம், அந்த வாசனை இல்லாத விஷம் வந்தாலும் கத்துமாம். மாட்டினதிலிருந்து முந்தாநாள் வரைக்கும் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்று முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது.

நேற்றுக் காலையில் கெஸ்ட்டெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டில் மலை ஈரம் ஏறிவிட்டதே, கொஞ்சம் காயட்டும் என்று ஒரு துண்டைக் கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே பிடித்தேன். எண்ணெய் சொட்டியது. மிஷின் கத்தியது. எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே புல்வெளியில் போய் நின்றார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. முதலாளியம்மா உள்ளே வந்து மிஷினைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார், நன்றாக வேலை செய்கிறது என்றார்.

ஸ்வெட்டரில் தீப்பொறி பட்டுவிட்டது. முயலுக்கு இப்போது ஒரு காதுதான்.

காயாரோகணம்